கடற்றொழிலாளரும் எஞ்சின் எண்ணெயும்

கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரத்தை நோக்கிச் செல்லும் தெருவொன்றின் ஓரத்தில், தகரக் கூரையின் கீழ் இயங்கும் சிறு பட்டறையொன்றை நாம் அறிவோம். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் மரச்சட்டங்களிலே தொங்கும் படகு எஞ்சின்களே அதன் விளம்பரம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு காலைப்பொழுதில் நாமும் நம்முடைய மாணவர் இருவரும் அங்கே சென்றிருந்த வேளையில், இளம் மீனவர் ஒருவர் தம் எஞ்சினைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கோ ஒரு நாட்டிலே பாவித்துக் கழிக்கப்பட்டு, கை மாறிக் கை மாறி இக்கரைக்கு வந்து சேர்ந்த நாற்பது குதிரைவலு எஞ்சின் அது. முந்திய இரவு நடுக்கடலில் நின்றுவிட்டதாம். அயலில் வலை விரித்திருந்தவர்கள் கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள்.

பட்டறைக்காரர் தலைமூடியைக் கழற்றினார். உருளைக்குள்ளே முசலம் இறுகிப் பிடித்திருந்தது. உருளையின் சுவரெங்கும் நகத்தாற் கீறியதுபோன்ற கோடுகள். எண்ணெய் இன்றி இரும்பும் அலுமினியமும் உராய்ந்த அடையாளம் அது. ஆயினும் எஞ்சினோடு வந்த எண்ணெய்த் தாங்கியோ விளிம்புவரை நிறைந்திருந்தது.

"தாங்கியில ஒயில் நெறைய இருக்குத் தம்பி. மெசின் குடிக்கல்லயே."

"அலாரம் அடிக்கல்லயே அண்ணன்."

"அது தாங்கியத்தான் பார்க்கும். மெசினப் பார்க்காது."

எண்ணெய் இருந்தும் எண்ணெயின்மையால் ஓர் எஞ்சின் அழிந்தது எங்ஙனம்? இந்தக் கேள்வியே எம்மை இக்கட்டுரைக்கு இட்டுவந்தது.

இலக்கிய ஏட்டிலே எஞ்சின் எண்ணெய்க்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். நியாயமான வினாவே. வெள்ளவத்தை நூல் நூற்றல், நெசவு ஆலையின் தொழிலாளர் 1933ஆம் ஆண்டில் நடத்திய வேலைநிறுத்தம் இன்று நம் இடதுசாரி இயக்க வரலாற்றில் ஓர் அத்தியாயம். கொல்வின் ஆர். டி சில்வா போன்றோர் அதிலே பங்குகொண்டமையால் அது ஏட்டில் ஏறியது. அதே வெள்ளவத்தையில், கடலோரத் தண்டவாளத்தின் அப்பால் நின்று பார்த்தால், தெகிவளைக் கரையிலிருந்து புறப்பட்ட படகுகள் அந்திவேளையில் வரிசையாகச் செல்வது தெரியும். அப்படகுகளின் பின்புறத்தில் இரையும் இயந்திரம் எப்போது வந்தது, எவரால் வந்தது, அதனால் எவர் கையில் எது போயிற்று என்பதைக் கேட்டவர் மிகச் சிலர். நம்மிலே பலர் அந்தப் படகுகள் கொண்டுவரும் மீனை விலை பேசி வாங்குபவர்கள். எஞ்சினைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. இது பெருமைப்படத்தக்க அறியாமை அன்று.

முதலில் பொருளை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். வள்ளத்தின் பின்னணியத்தில் கொளுவப்படும் இந்த எஞ்சின்கள் நெடுங்காலமாக ஈரடிப்பு எஞ்சின்களாகவே இருந்துவந்தன. காரிலும் பேருந்திலும் உள்ள நாலடிப்பு எஞ்சினில் எண்ணெய் அடியிலே ஒரு தொட்டியில் தங்கி, சுற்றிச் சுற்றி ஓடி, மீண்டும் தொட்டிக்கே வரும். ஈரடிப்பு எஞ்சினிலோ அத்தகைய தொட்டி இல்லை. எரிபொருளும் காற்றும் கலந்த ஆவி முசலத்தின் கீழுள்ள அறையினூடாகவே மேலே செல்கின்றது. அந்த ஆவியோடு சேர்ந்து வரும் எண்ணெய்தான் தாங்கிகளையும் முசலத்தையும் நனைத்துவிட்டு எரிந்துபோகிறது. ஒருமுறை வந்த துளி மறுமுறை வராது. ஆகவே எஞ்சின் ஓடும் ஒவ்வொரு கணமும் புதிய எண்ணெய் வேண்டும். குறைந்தால் முசலம் இறுகும். கூடினால் பிளக்கில் கரி படியும், புகை கக்கும், எஞ்சின் திணறும். இந்த அளவை யார் தீர்மானிப்பது என்பதில்தான் நம் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

கொளுவும் எஞ்சினைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஓலே எவின்ரூட். நோர்வேயிலே பிறந்து, குழந்தைப் பருவத்தில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தவர். இயந்திரக் கம்மியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1909ஆம் ஆண்டில் மில்வோக்கி நகரில் அவர் விற்கத் தொடங்கிய எஞ்சினின் வலு ஒன்றரைக் குதிரைதான். கணக்குவழக்கையும் விளம்பரத்தையும் கவனித்தவர் அவருடைய மனைவி பெஸ். துடுப்புகளை வீசி எறியுங்கள் என்று ஓடப் பிரியர்களுக்கு அழைப்புவிடுத்தது அவருடைய விளம்பரம். ஏரிகளிலே உல்லாசமாக ஓடம் விடுவோரை எண்ணிச் செய்யப்பட்ட பொருள் அது. வயிற்றுப்பாட்டிற்காக ஆழ்கடலுக்குச் செல்லும் ஆசிய மீனவனை அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

நம் நாட்டிற்கு இயந்திரம் வந்த வழி வேறு. ஜேம்ஸ் ஹோர்னெல் என்ற ஆய்வாளர் இலங்கையின் மீன்பிடி வள்ளங்களைப் பற்றி 1943இல் எழுதியபோது, அவர் விவரித்த கலங்கள் கட்டுமரமும் தெப்பமும் ஒருபுறம் மிதவைக்கட்டை பொருத்திய ஒடுங்கிய ஓருவும் பிறவுமே. காற்றே அன்றைய எரிபொருள். காற்றுக்கு விலையில்லை, அதை விற்கும் கம்பனியும் இல்லை. 1950களின் முற்பகுதியில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு அனுப்பிய பொறியியலாளர்கள் இங்கு வந்து, உள்ளூர் வள்ளங்களிலே எஞ்சின் பொருத்திப் பார்த்தார்கள். ஒடுங்கிய ஓருவின் வயிற்றில் எஞ்சினை இருத்துவது எளிதாயிருக்கவில்லை. 1958 அளவில், உள்ளே டீசல் எஞ்சின் பொருத்திய மூன்றரைத் தொன் படகுகள் தவணைக் கடனுக்கு வழங்கப்படலாயின. இருபத்தெட்டு அடி நீளம். நல்ல படகுகள் என்பதிலே ஐயமில்லை. ஆனால் அவை யாருக்குக் கிடைத்தன என்பது வேறு விடயம். முற்பணம் கட்டக்கூடியவனுக்கும் அரசியல்வாதியின் வாசலை அறிந்தவனுக்கும் கிடைத்த அளவு எளிதாக, கரைவலை இழுத்த கூலிக்குக் கிடைக்கவில்லை. தவணைகள் நிலுவையாயின. நிலுவைக்கு மீனவனின் சோம்பலைக் காரணங்காட்டி அறிக்கைகள் எழுதுவது அந்நாளைய அலுவலக வழக்கம்.

கொளுவும் எஞ்சினுக்குக் காலம் கனிந்தது கண்ணாடியிழைப் படகுடன்தான். பதினேழரை அடி நீளமான அந்தச் சிறு படகு 1960களின் பிற்கூற்றிலும் எழுபதுகளிலும் கரையெங்கும் பரவியது. வடக்கிலே காரைநகரில் நோர்வே நாட்டு இளைஞரின் உதவியுடன் 1960களின் இறுதியில் எழுந்த சீநோர் நிறுவனம் படகு கட்டியது. குருநகரில் வலை பின்னியது. எவின்ரூட் பிறந்த நாட்டவரே அரை நூற்றாண்டின் பின் நம் கரைக்கு வந்தது தற்செயல்தான். ஆயினும் குறிப்பிடத்தக்க தற்செயல். அவ்வேளையில் நைலோன் வலையும் பருத்தி வலையின் இடத்தைப் பிடித்திருந்தது. படகு, வலை, எஞ்சின் ஆகிய மூன்றும் ஒருங்கே மாறின. மரத்தை வெட்டிக் குடைந்த கைக்கும், பருத்தியை முறுக்கிய கைக்கும், பாயை இறக்கி ஏற்றிய கைக்கும் இருந்த வேலை ஒரே தலைமுறையில் கடையிலே விலைக்கு வாங்கும் பொருளாயிற்று.

கைவிட்டுப் போகாதது ஒன்று இருந்தது. அதுவே எண்ணெய் கலக்கும் வேலை. ஐம்பது பங்கு எரிபொருளுக்கு ஒரு பங்கு எண்ணெய். லீற்றர் ஒன்றுக்கு இருபது மில்லிலீற்றர். புதிய எஞ்சினைப் பழக்கும்போது அதன் இரு மடங்கு. முப்பது லீற்றர் கொள்ளும் கலத்தோடு கடலுக்குப் போகிறவன் அறுநூறு மில்லிலீற்றர் எண்ணெயை அளந்து ஊற்றி, கலத்தைக் குலுக்கிக் கலக்கிக் கொண்டு போகிறான். பள்ளிக்கூடத்தில் விகிதசமக் கணக்கிலே பிழைவிட்ட பையன்கள் கரையிலே இக்கணக்கில் பிழைவிடுவதில்லை என்று ஆசிரிய நண்பர் ஒருவர் எம்மிடம் கூறியதுண்டு. பிழைவிட்டால் தண்டிப்பவர் ஆசிரியரல்லர், கடல்!

1977க்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலே உதிரிப்பாகங்கள் அரிதாயிருந்தன. கடைசல் இயந்திரத்திலே பித்தளையைக் கடைந்து பாகம் செய்த கைவினைஞர்களைப் பற்றிப் பட்டறைக்காரர்கள் இன்றும் வியந்து பேசுவர். 1977இன் பின் சந்தை திறந்துவிடப்பட்டது. யப்பானிய எஞ்சின்கள் வந்து குவிந்தன. பஞ்சிகாவத்தையில் எதுவும் கிடைக்கும் என்ற நிலை ஏற்பட்டது, பணமுள்ளவனுக்கு.

இக்காலத்தில்தான், உலகின் மறுபக்கத்தில், எண்ணெய் கலக்கும் வேலையையும் இயந்திரத்திடமே ஒப்படைத்தார்கள். யமகா கம்பனி 1964இல் தன் மோட்டார் சைக்கிளிலே எண்ணெயைத் தானே ஊட்டும் பம்பியைப் பொருத்தி விற்றது. எண்பதுகளின் தொடக்கத்தில் அதே முறை கொளுவும் எஞ்சினுக்கும் வந்தது. 1984இல் அமெரிக்காவின் எவின்ரூட், ஜோன்சன் எஞ்சின்களில் எரிபொருளையும் எண்ணெயையும் ஒரே பம்பி கலந்து அனுப்பும் முறை புகுத்தப்பட்டது. நோக்கம் தவறானதன்று. ஐம்பதுக்கு ஒன்று என்பது முழு வேகத்துக்கான அளவு. மெல்ல ஓடும்போது அதிலே கால்பங்கே போதும். வேகக் கைப்பிடியோடு இணைந்த நெம்பு பம்பியைத் திறந்தும் ஒடுக்கியும் அளவை மாற்றுமாயின் எண்ணெயும் மிஞ்சும், புகையும் குறையும். இயந்திரவியலின் அழகான சாதனை இது என்பதை ஒத்துக்கொள்ளவே வேண்டும்.

ஆனால், மனிதன் கண்ணால் பார்த்துக் கையால் செய்த காரியம் இப்போது மூடிக்குள்ளே, கருங்குழாய்க்குள்ளே, பற்சில்லுக்குள்ளே மறைந்தது. கலத்தில் ஊற்றிய எண்ணெய் எஞ்சினுக்குப் போய்ச் சேர்ந்தே தீரும். தனித் தாங்கியில் ஊற்றிய எண்ணெய்க்கு அந்த உறுதி கிடையாது. தாங்கிக்கும் முசலத்திற்கும் இடையே வடி உண்டு, குழாய் உண்டு, பம்பி உண்டு, அதைச் சுழற்றும் சிறு பற்சில்லு உண்டு, எண்ணெயைத் திரும்பிப் போகவிடாத வால்வு உண்டு, நெம்பை இணைக்கும் கம்பி உண்டு. இவற்றுள் எது கெட்டாலும் எஞ்சின் தாகத்தால் சாகும். தாங்கியில் உள்ள மிதவையோ எண்ணெய் மட்டத்தை மட்டுமே அறியும். மட்டம் குறைந்தால் ஒலி எழுப்பும். எண்ணெய் நிறைந்து நின்று ஓடாதிருந்தால் அது வாய் திறவாது.

அன்று அந்தப் பட்டறையில் நடந்த ஆய்வு எம் மாணவருக்கு ஒரு நல்ல பாடம். பட்டறைக்காரர் முதலிலே பம்பியைத் தொடவில்லை. தாங்கியின் எண்ணெயை வெண்ணிறக் கிண்ணமொன்றில் ஊற்றி ஒளியில் பார்த்தார். கடல்நீர் புகுந்திருந்தால் எண்ணெய் பால்போலத் திரியும் என்றார். அடுத்துக் குழாயை வளைத்து வளைத்து வெடிப்பு உண்டா என்று தடவினார். வெடித்த குழாய் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும். குழாயிலே குமிழ்கள் தெரிந்தால் பம்பியின் பக்கத்திலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, குமிழ் ஓயும்வரை எண்ணெயை வழியவிட வேண்டும். தாங்கியை முற்றாக வற்றவிட்டு நிரப்பியவர்கள் இதைச் செய்ய மறந்துவிடுவது பெரும்பாலான கேடுகளுக்குக் காரணம் என்பது அவர் அனுபவம். நெம்பின் அடையாளக் கோடும் பம்பியின் அடையாளக் கோடும் பொருந்துகின்றனவா என்று பார்த்தார். இறுதியில் வடியைக் கழற்றினார். அதன் வலைக்கண்கள் முழுவதும் களிபோன்ற ஒரு பொருளால் அடைபட்டிருந்தன.

"முந்தின கிழமை வேற ஒயில் ஊத்தினியா?"

இளைஞர் தலை குனிந்தார். வழக்கமான எண்ணெயின் விலை கட்டவில்லையாம். தரைவண்டிக்கு உரிய மலிவான எண்ணெயை மேலே ஊற்றியிருக்கிறார். ஒன்றுக்கொன்று ஒவ்வாத எண்ணெய்கள் சேர்ந்தால் சில வேளைகளில் இவ்வாறு திரிந்து களியாகும். கையாற் கலக்கும் எஞ்சினாயிருந்தால் அந்த மலிவான எண்ணெய் பிளக்கிலே சாம்பலைப் படியவிட்டுத் தொல்லை கொடுத்திருக்கும்; எஞ்சின் இருமியிருக்கும்; மீனவர் கரை திரும்பியிருப்பார். இங்கே அது முன்னறிவித்தல் இன்றி நின்றது.

அவ்விளைஞரைக் குறைகூறுவது எளிது. ஆனால் எண்ணெயின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நம் கரைகளிற் பெரும்பாலானவற்றில் நிலவும் பங்கு முறைப்படி, மீன் விற்ற பணத்திலிருந்து முதலில் எரிபொருள், எண்ணெய், பனிக்கட்டி முதலிய செலவுகள் கழிக்கப்படும். எஞ்சியதிலேதான் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, உழைத்தவர்களுக்கு ஒரு பங்கு. விகிதம் இடத்துக்கு இடம் வேறுபடலாம்; முறை ஒன்றே. ஆக, எண்ணெயின் விலை கூலிக்காரனின் பங்கையும் தின்றுவிட்டே உள்ளே போகிறது. எஞ்சின் பழுதானால் திருத்தும் செலவு வழக்கமாகப் படகுக்காரரைச் சாரும். ஆனால் அது பட்டறையில் கிடக்கும் நாட்களிலே கூலிக்காரன் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. நூறுக்கு ஒன்று கலந்தால் இன்று முந்நூறு மில்லிலீற்றர் மிச்சம். இந்த மிச்சத்தின் ஆபத்தை அறியாத மீனவன் எவனும் இல்லை. அறிந்தும் சிலர் செய்கிறார்கள். வறுமை மனிதனை நாளைய இழப்பைக் கொண்டு இன்றைய பசியை அடைக்கச் செய்கிறது.

எரிபொருளின் வரலாறு இதனினும் கொடிது. பெற்றோல் விலைக்கு ஈடுகொடுக்க முடியாத நிலையில், மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்கள் சிறுபடகுகளில் பரவின. பெற்றோலில் முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதன் முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுவார்கள். அப்படிச் செய்யாவிடில் மறுநாள் எஞ்சின் கிளம்பாது. 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் விலை ஒரேயடியாக ஏறத்தாழ அரைப்பங்கு உயர்த்தப்பட்டது. மேற்குக் கரையெங்கும் மீனவர் தெருவுக்கு இறங்கினர். சிலாபத்தில் பொலிசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்ததில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். அவருக்கு எழுப்பவேண்டிய நினைவுச்சின்னம் நம் பாடநூல்களில் இன்னும் எழும்பவில்லை. பத்தாண்டு கழிந்து 2022இல், நாடு வங்குரோத்தடைந்த அந்த ஆண்டில், மண்ணெண்ணெய் வாரக்கணக்காகக் கிடைக்கவேயில்லை. ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. அந்த மாதங்களிலே முகத்துவாரத்திலும் காக்கைதீவிலும் படகுகள் கரையில் வரிசையாகக் கிடந்ததை நாம் கண்டோம்.

படகு ஓடாதபோதும் எஞ்சின் கெடுகிறது. இதைப் பலர் அறியார். காபரேற்றரில் தேங்கிய எரிபொருள் பிசினாக உறைகிறது. வால்வு பழுதாயிருந்தால் எண்ணெய் மெல்ல இறங்கி எஞ்சினின் அடியறையிலே தேங்குகிறது. மீண்டும் முடுக்கும்போது புகை கக்கிப் பிளக்கை நனைக்கிறது. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியதன் பின் மேற்குக் கரையில் மீன்பிடி தடைசெய்யப்பட்ட காலத்திற்கும் இது பொருந்தும். யுத்தகாலத்திலே வடக்குக் கிழக்கில் பாதுகாப்பின் பேரால் மீன்பிடி தடைப்பட்டதும், எஞ்சினின் குதிரைவலுவிற்கே எல்லை விதிக்கப்பட்டதும் தனியாக எழுதப்படவேண்டிய வரலாறு. கடலிலே எவ்வளவு விரைவாகச் செல்லலாம் என்பதையும் கரையிலிருந்த துப்பாக்கியே தீர்மானித்த காலம் அது.

மேற்கு நாடுகள் இதனிடையே வேறொரு திசையில் சென்றன. ஈரடிப்பு எஞ்சின் உறிஞ்சும் எரிபொருளில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு எரியாமலே வெளியேறி நீரையும் காற்றையும் கெடுக்கிறது. 1996இல் அமெரிக்கா இதற்கெதிரான விதிகளை வகுத்து, 1998 முதல் 2006 வரை படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. பழைய பாணி ஈரடிப்பு எஞ்சின் அங்கே கடையிலிருந்து மறைந்தது. எவின்ரூட்டின் பெயரைத் தாங்கிய எஞ்சின்களின் உற்பத்தியே 2020இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அந்தப் பழைய பாணி உலகிலிருந்து மறையவில்லை. ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் உரியதென்று, எண்ணெயைக் கையாற் கலக்கும் உறுதியான எஞ்சின்களை யப்பானியக் கம்பனிகள் தொடர்ந்து விற்றுவருகின்றன. தங்கள் ஏரிகளுக்கு ஆகாத புகை நம் கடலுக்கு ஆகும் என்பது வாணிகத்தின் நியாயம்.

இங்கே ஒரு முரண்பாட்டை ஒளிக்காமல் கூறவேண்டும். நம் மீனவரைக் கேட்டால், கையாற் கலக்கும் எஞ்சினையே நல்லதென்பார். பழமைப் பற்றினால் அன்று. கடலின் நடுவிலே தம் கையால் திருத்தக்கூடியது அதுதான் என்பதனால். 1984இன் அமெரிக்கப் பம்பியைக்கூட அந்நாட்டிலேயே பலர் கழற்றி எறிந்துவிட்டுக் கையாற் கலக்கும் முறைக்குத் திரும்பினர் என்பதை நாம் நினைவிற்கொண்டால், இதைக் கரையோர மக்களின் பின்தங்கிய மனப்பான்மை என்று சொல்லத் துணியமாட்டோம். புதிய பொறி தவறன்று. அதைத் திருத்தும் அறிவும், உரிய எண்ணெயும், உதிரிப்பாகமும் அந்தப் பொறியோடு கரைக்கு வந்து சேரவில்லை. விற்பனை மட்டும் வந்தது.

அந்த நாற்பது குதிரைவலு எஞ்சினுக்கு என்ன நடந்தது என்று வாசகர் அறிய விரும்பலாம். உருளையைக் கடைந்து, அளவில் சற்றுப் பெரிய முசலம் போட்டார்கள். மூன்று கிழமை சென்றது. அம்மூன்று கிழமையும் இளைஞர் வேறொருவரின் படகில் கூலிக்குச் சென்றார். எண்ணெய்ப் பம்பியைத் துப்புரவாக்கித் திரும்பப் பூட்டவா என்று பட்டறைக்காரர் கேட்டாராம். வேண்டாம் என்றிருக்கிறார். பம்பி இருந்த துவாரத்தை அலுமினியத் தகடொன்றால் மூடி, நாலு திருகு முடுக்கினார்கள். கழற்றிய பம்பி, அதேபோற் கழற்றப்பட்ட வேறு பம்பிகளோடு, பட்டறை மூலையிலுள்ள பிஸ்கற் தகரத்தினுள் கிடக்கிறது. எரிபொருட் கலத்தின் கழுத்திலே வெள்ளை வர்ணத்தால் 50 என்று எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில், எண்ணெயை அளப்பதற்கு, கோடு கீறிய பழைய சோடாப் போத்தலொன்று நூலிலே கட்டித் தொங்குகிறது.